குழியில் தள்ளுகிறவர்களோடு சில நாட்கள்

ஜனவரி 23, செவ்வாய்

லூயிவில் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முகத்தில் விழுந்தது மழைதான், ஆனால் கார் கண்ணாடியில் பட்டவுடன் உறைந்து ஒட்டிக்கொள்கிற மழை. வாடகைக் கார் கொடுத்தவர் சாவியோடு ஒரு புத்திமதியும் கொடுத்தார்: பாலத்தின் மேல் பிரேக்கைத் தொடாதீர்கள். கென்டக்கிக்கும் இந்தியானாவுக்கும் நடுவில் ஒஹாயோ ஆறு ஓடுகிறது, நான் போகவேண்டிய எலிசபெத் என்கிற சிற்றூர் அக்கரையில் இருக்கிறது, ஆக பாலத்தைத் தவிர்க்க வழியில்லை. ஊர்ந்து போனேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை.

இந்தக் குளிரில் இங்கே என்ன வேலை என்றால், டெர்பி சிட்டி கிளாசிக். 1999-இலிருந்து ஜனவரிதோறும் நடக்கிற பூல் போட்டி, அதாவது கியூ என்கிற கோலால் மேசைமேல் பந்தை இடித்துக் குழியில் தள்ளுகிற ஆட்டம், இப்போது ஆற்றோரத்துச் சூதாட்ட விடுதி ஒன்றில் ஒன்பது நாள் நடக்கிறது. பூல் ஆட்டக்காரர்களைப் பற்றிப் பொதுவாக நாலு விஷயம் சொல்வார்கள்: ஏமாற்றுக்காரர்கள், கடன்காரர்கள், வாய்ச்சவடால் பேர்வழிகள், ராத்திரியில் தூங்காதவர்கள். அதில் எத்தனை உண்மை என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமே என்று வந்தேன். நாலாவது உண்மை என்பது முதல் ராத்திரியே தெரிந்துவிட்டது.

போட்டி நடக்கும் அரங்குக்குப் போக சூதாட்டக் கூடத்தின் ஓரமாக நடக்கவேண்டும். இந்தியானாவின் சூதாட்டக் கூடங்களில் புகைபிடிக்கத் தடையில்லை. பத்து நிமிடத்தில் என் ஸ்வெட்டர் பத்து வருடம் சிகரெட் பிடித்தவனுடையதுபோல ஆகிவிட்டது. உள்ளே போனால் வேறு உலகம். வரிசை வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றுக்கும் மேலே வெள்ளை வெளிச்சம், பந்து மோதும் சத்தத்தைத் தவிர பெரிதாகச் சத்தமே இல்லை. பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் ஆடலாம், சீட்டுக் குலுக்கலில் குழாய் ரிப்பேர் செய்கிறவருக்கு உலக சாம்பியன் எதிராளியாக வரலாம். தோற்றால் இன்னொரு தடவை பணம் கட்டி உள்ளே வந்துகொள்ளலாம், அதுவும் ஒரே தடவைதான்.

தங்கியது கோரிடன் என்கிற பக்கத்து ஊரில், ஒரு மோட்டலில். 1816-இல் இந்தியானா மாநிலமானபோது இதுதான் தலைநகரமாம். ஹீட்டர் அந்தக் காலத்திலிருந்தே ஓடுவதுபோல இருமியது.

ஜனவரி 24, புதன்

காலையில் மோட்டலில் இலவசச் சாப்பாடு: பிஸ்கட் என்று ஒரு மெத்தென்ற ரொட்டி, அதன்மேல் மிளகு போட்ட வெள்ளைக் குழம்பு. பார்க்கச் சகிக்காது, சாப்பிட்டால் இன்னொன்று கேட்கும்.

இன்று ஒன் பாக்கெட் ஆட்டம். இதை டிவியில் அதிகம் காட்டமாட்டார்கள், பார்க்கிறவர்கள் தூங்கிவிடுவார்கள். மேசையில் ஆறு குழி இருந்தாலும் ஆளுக்கு ஒரு குழிதான், 15 பந்தில் முதலில் எட்டைத் தன் குழியில் போடுகிறவர் ஜெயித்தார். நீங்கள் போடுவதைவிட எதிராளியைப் போடவிடாமல் தடுப்பதில்தான் முக்கால்வாசி நேரம் போகும். சூதாடிகளின் ஆட்டம் இது. கை நடுங்கும் கிழவர்கூட மூளையை வைத்து இளைஞனை மடக்கலாம்.

என் பக்கத்து நாற்காலியில் கென்டக்கிக்காரப் பெரியவர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், மடியில் வேர்க்கடலைப் பொட்டலம். அறிமுகம் எதுவும் இல்லாமலே பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். இவரைப்போல ஆடாமல் சுற்றி உட்கார்ந்து பார்க்கிற கூட்டம் ஒன்று எல்லாப் பூல் கூடத்திலும் உண்டாம். ஒவ்வொரு ஆட்டக்காரரின் முப்பது வருட வரவு செலவும் அவர்களுக்கு மனப்பாடம்.

எங்கள் முன்னால் ஆடிக்கொண்டிருந்தவர் ஒரு தொழில்முறை ஆட்டக்காரர். மொட்டைத் தலை, தொங்கிய கண்கள், நெருக்கடியான ஒரு அடிக்காக மேசைமேல் பாதி படுத்திருந்தார். அடித்து எழுந்தவர் கையைத் தூக்கி "ஃபவுல்" என்றார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நடுவர் யாரும் அந்த மேசையில் இல்லை. எதிராளி அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சட்டைக் கை வெள்ளைப் பந்தை லேசாகத் தொட்டுவிட்டதாம். தான் ஏற்கெனவே போட்டிருந்த ஒரு பந்தை அவரே குழியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார், அதுதான் தண்டனை. கடைசியில் அந்த ஆட்டத்தை ஒரே ஒரு பந்தில் தோற்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு பெரியவரைப் பார்த்தேன். அவர் கடலை உரித்துக்கொண்டே, "சொல்லாவிட்டால்தான் கேள்வி. சொன்னால் என்ன பேச்சு?" என்றார்.

மதியம் உள்ளேயே ஒரு பர்கர், 17 டாலர். அந்தக் காசுக்கு அது ருசியாக இருந்திருக்கலாம்.

அதே நாள், நள்ளிரவுக்குப் பின்

போட்டி மேசைகள் ஓய்ந்ததும்தான் நிஜமான திருவிழா தொடங்குகிறது. ஓரத்து மேசைகளைச் சுற்றிக் கூட்டம் கட்டுகிறது, ஆனால் யாரும் ஆடவில்லை. எல்லாரும் பேசுகிறார்கள். அதே மொட்டைத் தலைக்காரர் நடுவில் நின்று, தான் இரண்டு நாளாகத் தூங்கவில்லை, முதுகு பிடித்திருக்கிறது, கியூ நுனித் தோலை இன்று காலைதான் மாற்றினேன், பந்து எங்கே போகிறதென்று எனக்கே தெரியவில்லை என்று அடுக்கிக்கொண்டிருந்தார். எதிராளி அதைவிட ஒரு படி மேலே போய்க் கண்பார்வை சரியில்லை என்றார். காலையில் யாருக்கும் தெரியாத தப்பைத் தானே ஒப்புக்கொண்ட மனிதர் இவர்தானா என்று எனக்குத் தலை சுற்றியது.

விஷயம் என்னவென்றால் சலுகை. பலசாலி பலவீனருக்கு எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று முடிவாகாமல் பந்தய ஆட்டம் தொடங்காது. ஒன் பாக்கெட்டில் நீ ஒன்பது போடு, நான் ஏழு போட்டால் போதும் என்பார்கள். நைன் பாலில் ஒன்பதாம் பந்தைப் போடுகிறவருக்கே ஆட்டம், அதில் ஏழாம் பந்தைப் போட்டாலும் எனக்கு வெற்றி என்று கொடு என்பார்கள். ஒரு பந்து கூடினால் ஒருவன், குறைந்தால் இன்னொருவன் கையைக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவான். நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்களே, மாட்டுக்கு இல்லாத நோயெல்லாம் அப்போது வரும், அச்சு அசல் அதேதான். துண்டு மட்டும்தான் இல்லை.

ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு ஒப்பந்தம் முடிந்தது. ஆளுக்கு 5,000 டாலர். இரண்டு பக்கத்துப் பணமும் மூன்றாவது ஆள் ஒருவரின் கைக்குப் போனது. அவர் எண்ணினார், சட்டைப் பையில் வைத்தார். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. அந்த நிமிடத்திலிருந்து பொய் நின்றுவிட்டது. பந்து பட்டதா படவில்லையா என்று சந்தேகம் வந்தால் இருவருமே ஒருவரை ஒருவர் கேட்டு, சொன்னதை அப்படியே நம்பி மேலே ஆடினார்கள். விடிகாலை நாலு மணிக்கு மொட்டைத் தலைக்காரர் தோற்றார். கைகொடுத்தார், கியூவைக் கழற்றிப் பையில் வைத்தார், முதுகுவலிக்காரர்போல இல்லாமல் நிமிர்ந்து நடந்து போனார்.

பேரம் முடிகிறவரை எதைச் சொன்னாலும் அது தொழில், முடிந்த பிறகு ஒரு சொல் மாறினாலும் அது திருட்டு. இந்தக் கோடு இருப்பது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிவதில்லை, அதனால்தான் ஒட்டுமொத்தமாக எல்லாரையும் மோசடிக்காரர்கள் என்று தள்ளிவிடுகிறோம் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 25, வியாழன்

மதியம்வரை தூங்கினேன். வெளியே பனிக்கட்டி எல்லாம் கரைந்து சேறு.

அந்த 5,000 டாலர் தோற்றவருடையது இல்லை என்று பெரியவர் இன்று விளக்கினார். பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் பணம் போடுகிற ஒருவர் இருப்பார். ஜெயித்தால் பங்கு, தோற்றால் மொத்த நஷ்டமும் பணம் போட்டவருக்கு. ஆக ஆட்டக்காரரின் மூலதனம் எல்லாம் அவர்மேல் இருக்கிற நம்பிக்கைதான். அதை உடைக்கிற ஒரே வழி, எதிராளியோடு ரகசியமாகப் பேசிவைத்துக்கொண்டு வேண்டுமென்றே தோற்று, பணம் போட்டவரின் காசை இருவரும் பிரித்துக்கொள்வது. இது நடக்காமல் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் தனியாக உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்த ஒருவரைக் கண்ணால் காட்டி, "பல வருடம் ஆகிறது. இன்னும் தனியாகத்தான் சாப்பிடுகிறான்," என்றார். அவருடைய ஆட்டத்தையும் பின்னால் பார்த்தேன். அழகான கை. சுற்றிலும் ஒரு நாற்காலிகூட நிரம்பவில்லை.

பழைய காலத்துத் தந்திரம், அதாவது ஊர் பேர் தெரியாத கூடத்தில் போய்ச் சுமாராக ஆடுவதுபோல நடித்து, பந்தயம் ஏறியதும் சுயரூபத்தைக் காட்டுவது, அது இப்போது அநேகமாகச் செத்துவிட்டது. ஃபார்கோ ரேட் என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது, பெயரைத் தட்டினால் போனில் எண் வந்துவிடும். 800-ஐத் தாண்டினால் உலகத்தரம். முகத்தை மறைத்தாலும் எண்ணை எப்படி மறைப்பது?

அந்தத் தந்திரத்தின் மிகப் பெரிய கதையில் வருகிறவர், விசித்திரமாக, இந்த ஆட்டத்திலேயே மிகச் சாதுவான மனிதர் என்று பெயரெடுத்தவர். பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸ். 1985-இல் ஹூஸ்டனில் ஒரு போட்டிக்கு வந்தபோது அவருடைய பெயர் அமெரிக்காவில் லேசாகக் கசிந்திருந்ததால், சீசர் மொராலெஸ் என்று வேறு பெயரில் ஆடி ஜெயித்துவிட்டுப் போனார். ஏமாற்றுதானே? ஆனால் இங்கே யாரைக் கேட்டாலும் அதைச் சிரித்துக்கொண்டு, ஏதோ நல்ல காரியத்தைப்போலச் சொல்கிறார்கள். 1994-இல் சொந்தப் பெயரிலேயே பூல் ஆட்டத்தின் யுஎஸ் ஓப்பனை ஜெயித்தார், அமெரிக்கர் அல்லாத ஒருவர் அதை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. தோற்றவர்களும் அவர்மேல் கோபப்படாததற்குக் காரணம் அந்தச் சிரிப்பு என்கிறார் பெரியவர். எனக்கு அது முழுக் காரணமாகப் படவில்லை. தன்னைப் பற்றி அவர் பெருமை பேசிக்கொண்டதே இல்லை என்பதுதான் பெரிய காரணமாக இருக்கவேண்டும், அதுவும் வாயாலேயே பிழைத்தவர்கள் நிறைந்த ஒரு தொழிலில்.

ஜனவரி 26, வெள்ளி

மூடுபனி. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கூடத்துக்குப் போகாமல் மோட்டலிலேயே துணி துவைக்கலாம் என்று நாணயம் போடும் வாஷிங் மெஷினுக்குப் போனால், என்னிடம் சில்லறை இல்லை. ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்த பெண் கேட்காமலே நாலு கால்டாலர்களை மெஷின்மேல் வைத்தார். மடித்த துணிகளில் பெயர் தைத்த ஜெர்சி. தொழில்முறை ஆட்டக்காரர்.

அவரிடம் பேசியதுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான ஒரு மணி நேரம். நுழைவுக் கட்டணம், அறை, பெட்ரோல், சாப்பாடு எல்லாம் கைக்காசு. முதல் சில இடங்களுக்குள் வந்தால்தான் கையில் ஏதாவது நிற்கும். மற்ற மாதங்களில் பாடம் சொல்லிக்கொடுக்கிறார், கியூ விற்கிறார். "ஆண்கள் கத்தினால் அவன் குணம் அப்படி என்பார்கள், நாங்கள் முகம் சுளித்தாலே ஸ்பான்சருக்குக் கடிதம் போகும்," என்றார். பெண்கள் பக்கம் சுத்தமான பேரை உண்டாக்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் எப்போதும் இருந்திருக்கிறது. 1970-களில் யுஎஸ் ஓப்பனைத் தொடர்ந்து ஏழு முறை ஜெயித்த ஜீன் பாலுகாஸ், 1988-இல் நடத்தை குறித்த ஒரு தகராறில் மனம் வெறுத்துப் போட்டிகளையே விட்டுவிட்டார். மறுபக்கம், ஆண்களில் ஏர்ல் ஸ்டிரிக்லண்ட் ரசிகர்களிடமும் மேசையிடமும் காற்றிடமும் சண்டை போட்டபடியே ஐந்து யுஎஸ் ஓப்பன் பட்டங்களை எடுத்தார், அதற்காகவே டிக்கெட் வாங்கியவர்களும் உண்டு.

கடன்காரர்கள் என்கிற பேச்சை எடுத்தேன். அவர் சிரித்தார். "யார் யாருக்கு?" என்றார். அப்புறம் கதைகள் வந்தன, எல்லாம் ஊரறிந்தவைதான். 1996-இல் டல்லாஸில், தொடர்ந்து பத்து ரேக்கை, அதாவது பத்து ஆட்டத்தை, எதிராளிக்கு வாய்ப்பே தராமல் முடிக்கிறவருக்கு ஒரு மில்லியன் டாலர் என்று அறிவித்தார்கள். யாராலும் முடியாது என்று காப்பீடு வேறு எடுத்துவைத்திருந்தார்கள். அதே ஸ்டிரிக்லண்ட் பதினொன்றை முடித்தார். பணம் சுலபமாக வரவில்லை, வழக்கு, இழுபறி, கடைசியில் சமரசம். 2006-இல் ரீனோவில் எஃப்ரன் ரேயஸ் ஜெயித்த பரிசு 5 லட்சம் டாலர், பூல் ஆட்டத்தில் அதுவரை கேள்விப்படாத தொகை. போட்டி நடத்திய அமைப்பு சொன்ன நேரத்தில் யாருக்கும் பணம் தரமுடியாமல் திணறிப் படுத்துவிட்டது. ராத்திரி நாலு மணிக்கு முன்பின் தெரியாதவனின் சட்டைப் பையில் இருந்த பணம் ஒரு டாலர் குறையாமல் கைமாறுவதைப் பார்த்துவிட்டு இதைக் கேட்டபோது, கோட்டும் டையும் போட்டவர்கள் நடத்துகிற பக்கம்தான் பயமாக இருந்தது.

மதியம் லூயிவில்லில் பெனடிக்டைன் சாண்ட்விச். வெள்ளரிக்காயும் க்ரீம் சீஸும் கலந்த இளம்பச்சைப் பூச்சு, இந்த ஊரின் கண்டுபிடிப்பு. 11 டாலர், சாதுவான ருசி, ஊறுகாய் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாயங்காலம் மோட்டல்காரர் வார இறுதி என்று அறை வாடகையை இரண்டு மடங்காக்கினார். நைன் பால் இறுதி ஆட்டத்தை விட்டுவிட்டுக் கிளம்ப முடிவு செய்தேன்.

ஜனவரி 27, சனி

மேற்கே ஓட்டினேன், நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வழியில் மணி ஒன்று பின்னால் போய்விட்டதால் சாப்பாட்டுக் கடைக்குப் போனபோது இன்னும் காலைச் சாப்பாடே நடந்துகொண்டிருந்தது. முட்டை, உருளைக்கிழங்கு, காபி, வரி உட்பட 12 டாலர். பரிமாறிய அம்மாள் காபிக் கோப்பையைக் காலியாக விடவே இல்லை.

ஜான்ஸ்டன் சிட்டி, இல்லினாய். தெற்கு இல்லினாயின் பழைய நிலக்கரிச் சுரங்க ஊர். 1961-இலிருந்து 1972 வரை ஜான்ஸ்கோ சகோதரர்கள் இங்கே நடத்திய போட்டிக்கு நாட்டின் பெரிய பந்தய ஆட்டக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள், அதுவரை பெயரையே மறைத்து வாழ்ந்தவர்கள் டிவியில் முகம் காட்டினார்கள். கடைசியில் மத்திய அரசு அதிகாரிகள் சூதாட்டத்துக்காகச் சோதனை போட, அதோடு முடிந்தது. இப்போது போனால் அகலமான தெரு, சாத்திய கடைகள், பெட்ரோல் பங்க். பங்கில் இருந்த பையனிடம் கேட்டேன். பாட்டி ஏதோ சொல்லியிருக்கிறாள் என்றான், அவ்வளவுதான்.

அங்கிருந்து பக்கத்திலேயே டோவெல், இன்னும் சின்ன ஊர். மினசோட்டா ஃபேட்ஸ் என்று உலகம் அறிந்த ருடால்ஃப் வாண்டரோன் பல வருடம் வாழ்ந்த ஊர். பெயரில் மட்டும்தான் மினசோட்டா, பிறந்தது நியூயார்க்கில். 1961-இல் வந்த ஒரு படத்தில் அந்தப் பெயரில் ஒரு பாத்திரம் வர, அது நான்தான் என்று பெயரை எடுத்து மாட்டிக்கொண்டார். கதையை எழுதியவர் இல்லவே இல்லை என்று மறுத்துக்கொண்டே இருந்தார், யார் கேட்டார்கள்? தெருநாய்களையும் பூனைகளையும் கணக்கில்லாமல் வளர்த்தவரும் இவர்தான். நான் போனபோது குறுக்கே ஒரு நாய் ஓடியது, நிறுத்திப் போகவிட்டேன்.

ஜனவரி 28, ஞாயிறு

நாஷ்வில். வெயில், பல நாளுக்குப் பிறகு. வாண்டரோன் கடைசிக் காலத்தில் இங்கே வந்து ஒரு பெரிய ஹோட்டலில் தங்கி, வருகிறவர்களுக்கெல்லாம் கதை அளந்துகொண்டு 1996-இல் இறந்தார். ஊருக்கு வெளியே அவருடைய கல்லறையில், உலகத்தில் உயிருள்ள எல்லாரையும் ஜெயித்துவிட்டேன், புனித பீட்டரே பந்துகளை அடுக்கும் என்று எழுதியிருக்கிறது. செத்தும் வாய் ஓயவில்லை.

இவருக்கு நேர் எதிர் வில்லி மஸ்கோனி. இருவரும் 1913-இல் பிறந்தவர்கள். மஸ்கோனியின் அப்பா பூல் கூடம் வைத்திருந்தார், பையன் ஆடக்கூடாது என்று கியூவை ஒளித்துவைக்க, அவன் உருளைக்கிழங்கையும் துடைப்பக் கட்டையையும் வைத்துப் பழகினானாம். 1941-க்கும் 1957-க்கும் நடுவில் 15 உலகப் பட்டம். 1954-இல் ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் தவறாமல் தொடர்ந்து 526 பந்து போட்டார், 2019-இல்தான் அந்தச் சாதனை போனது. கோட்டும் டையும் போட்டு ஆடுவார், பந்தயக்காரர்களைக் கண்டாலே ஆகாது, ஃபேட்ஸ் மாதிரி ஆட்களால்தான் எங்கள் ஆட்டத்துக்கே கெட்ட பேர் என்று வாழ்நாள் முழுக்கக் கொதித்தார். 1978-இல் டிவியில் இருவரையும் மோதவிட்டார்கள், நாடே உட்கார்ந்து பார்த்தது. மஸ்கோனி சுலபமாக ஜெயித்தார். ஃபேட்ஸ் ஆட்டம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார், ஜனங்களுக்கு அந்தப் பேச்சுதான் ஞாபகம் இருக்கிறது. ஒழுக்கமானவருக்கு இது அநியாயம்தான், ஆனால் பேரும் புகழும் சுவாரசியமானவரிடம்தான் போய் உட்கார்ந்துகொள்கின்றன, கெட்ட பேரும் அப்படியே.

மதியம் நாஷ்வில் ஹாட் சிக்கன், 16 டாலர். இந்த ஊரிலாவது காரம் என்றால் காரம். கவுண்டரில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்து, உறுதியாகவா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள், மூன்றாவது கடியில் காது சூடாகிவிட்டது. பால் வாங்கிக் குடித்துக்கொண்டே யோசித்துப் பார்த்தேன்: மஸ்கோனி, ஃபேட்ஸ் இருவரில் யாரோடு நீண்ட தூரம் பஸ்ஸில் போவேன்? ஃபேட்ஸோடுதான், கொஞ்சமும் தயக்கமில்லை. பர்ஸை மட்டும் மஸ்கோனியிடம் கொடுத்துவிட்டு ஏறுவேன்.